சருகடி உயிரும் மனித நீதியும்

வலியது எளியதை விழுங்கும். பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும். இதுவே உலக இயற்கை. இந்த வாக்கியத்தைக் கேளாத காது நம் நாட்டில் இல்லை. கூலி உயர்வு கேட்டவர்களுக்கு நிர்வாகம் தரும் மறுமொழியில் அது மறைந்திருக்கிறது. அடகு வைத்த நகை மூழ்கிப்போன வீட்டில் அது ஆறுதல் மொழியாக வருகிறது. இவற்றையெல்லாம்விட வேதனை தருவது, பதுளை மலைச்சரிவில் நாள் முழுதும் கொழுந்து பறித்தும், நிறை குறைந்ததென்று அரைப்பேர் போடப்பட்ட பெண்ணின் வாயிலிருந்தே அது வருவதுதான். சுரண்டுபவன் சொல்லும்போது அது சாக்கு; சுரண்டப்படுபவள் சொல்லும்போது அது சரணாகதி.

இருவர் வாயிலும் ஒரே வாக்கியம் புழங்குமானால், அதைச் சோதித்துப் பார்ப்பது சிந்திப்போர் கடமையாகும். இயற்கையில் வேட்டை உண்டு என்பது உண்மை. அந்த உண்மையிலிருந்து, மனித சமுதாயத்தில் சுரண்டலும் இருந்தே தீரும் என்ற முடிவு பிறக்குமா? இதுவே நம் கேள்வி. இத்தகைய விவாதங்களில் சிங்கத்தையும் புலியையும் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். அவை அரசர்களின் கொடியில் ஏறி நின்று பழகியவை. அவற்றின் சாட்சியத்தை நம்புவதற்கில்லை. எந்தக் கொடியிலும் ஏறாத, அரிசிமணியளவே உள்ள ஒரு வேட்டைப் பிராணியை நாம் அழைக்கிறோம்.

இலங்கையின் ஈரக் காடுகளில், உதிர்ந்த இலைகள் மக்கி மண்ணாகும் சருகுப் படுகைக்கு அடியில் அது வாழ்கிறது. சிலந்திக்கும் தேளுக்கும் உறவான எட்டுக்கால் இனத்தில் அது ஒரு தனி வரிசை. பின்னுடலின் நுனியில் குட்டையானதொரு வால் இருப்பதால் அதைக் குறுவால் சாட்டைத்தேள் என்று நாம் அழைக்கலாம். பெயரில் தேள் இருக்கிறதேயன்றி அதற்குக் கொடுக்கு இல்லை, விஷமும் இல்லை. உலகெங்கும் வெப்ப நாடுகளில் இவ்வரிசையைச் சேர்ந்த முந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன.

இவற்றை ஒரு தனிக் குடும்பமாக விஞ்ஞானம் முதன்முதல் வகைப்படுத்தியது இலங்கையில் கிடைத்த உயிர்களைக் கொண்டேயாகும். இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் கிராமப் பாதிரியாராக இருந்தவரும், சிலந்தியின ஆராய்ச்சியில் பெயர் பெற்றவருமான ஒக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் 1872இல் இரண்டு இனங்களை விவரித்தார். அவற்றுள் ஒன்று இன்று ஷைசோமஸ் கிராசிகாடட்டஸ் என வழங்குகிறது. 'தடித்த வாலுடையது' என்பது அதன் இரண்டாம் சொல்லின் பொருள். பின்னாளில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராகப் பணியாற்றிய கிரேவ்லி, 1911இல் இலங்கையில் வாழும் இவ்வகைப் பிராணிகளைப் பற்றி எழுதினார். அவர் விவரித்த இனங்களுள் ஒன்று பேராதனையின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதன் வாழ்க்கையைச் சற்றுக் கவனிப்போம். கண் என்று சொல்லத்தக்க கண் அதற்கு இல்லை. எட்டுக் கால்களில் முன்னிரண்டும் மெலிந்து நீண்டவை. அவை நடப்பதற்கல்ல, தடவி அறிவதற்கு. பார்வையற்றவர் கைக்கோலால் வழியைத் தட்டிப் பார்ப்பதுபோல, அக்கால்களால் இருளைத் தட்டித் தட்டி மற்ற ஆறு கால்களால் அது முன்னேறும். வாலைத் தெறித்துத் துள்ளும் நுண்பூச்சிகளும் சிறு கறையான்களும் அதன் இரை. தொட்டறிந்த மறுகணம், வாயருகே உள்ள வலிய பற்றுறுப்புகள் பாய்ந்து இரையைக் கவ்விவிடும். ஆபத்து நேர்ந்தால் அது பின்பக்கமாகவே பாய்ந்து மறையும். காற்றுலர்ந்தால் அதன் உடலும் விரைவில் உலர்ந்துபோகும். ஆகையால் ஈரம் உள்ள இடமே அதன் உலகம். முட்டையிடுங் காலத்தில் பெண் மண்ணுக்குள் சிற்றறை ஒன்று அமைத்து, முட்டைகளைத் தன் வயிற்றின் அடியில் ஒட்டிச் சுமந்தபடி அதனுள் அடைந்து கிடக்கும்.

இங்கே வேட்டை இருக்கிறது. இரக்கம் இல்லை. துள்ளுபூச்சியின் நியாயத்தைக் கேட்க நீதிமன்றமும் இல்லை. இதைக் காட்டி, "பார்த்தீர்களா, ஒரு கைப்பிடிச் சருகுக்குள்ளும் நம் சட்டந்தானே நடக்கிறது!" என்று ஆளும் வர்க்கம் சொல்லக்கூடும். சொல்லவும் செய்தது.

இந்த வாதத்தின் பிறப்பை நாம் அறிந்திருத்தல் வேண்டும். தகுதியுடையதே தப்பிப் பிழைக்கும் என்ற பொருள்தரும் தொடரை ஆக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர், ஆண்டு 1864. டார்வின் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869இல், அத்தொடரை ஏற்றுக்கொண்டார். ஆனால் அதற்கு முன்பே, 1862இல், ஏங்கல்ஸுக்கு எழுதிய கடிதமொன்றில் மார்க்ஸ் கூர்மையான ஓர் அவதானத்தைச் செய்திருந்தார்: போட்டியும் சந்தையும் வேலைப்பிரிவினையும் நிறைந்த தம் ஆங்கிலச் சமுதாயத்தையே டார்வின் விலங்குகளிடையிலும் தாவரங்களிடையிலும் கண்டெடுக்கிறார் என்பது அதன் சாரம். ஏங்கல்ஸ் பின்னர் இதை மேலும் விளக்கினார். முதலில் சமுதாயத்துப் போட்டியை இயற்கையின்மேல் ஏற்றுகிறார்கள். பிறகு அதே போட்டியை இயற்கையிலிருந்து இறக்கி, இது சமுதாயத்தின் நித்திய விதி என்று பிரகடனம் செய்கிறார்கள். தன் பையில் தானே போட்ட காசைத் தானே எடுத்துக் காட்டும் செப்படி வித்தையன்றி இது வேறென்ன? உயிரினங்கள் எவ்வாறு தோன்றின என்பதில் டார்வின் கண்ட உண்மைக்கு இதனால் குறைவில்லை. அவ்வுண்மையைக் கடத்திச்சென்று முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஒட்டியதே குற்றம்.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் இவ்வளவு ஏமாளிகளாக இருக்கவில்லை. மீன் மீனைத் தின்னும் நிலையை அவர்கள் மச்ச நியாயம் என்றனர். அர்த்தசாஸ்திரத்தில் அச்சொல் பின்பற்றவேண்டிய நெறியாக வரவில்லை. தண்டனை செலுத்தும் அதிகாரம் இல்லாதபோது மக்கள் விழும் படுகுழியாகவே வருகிறது. அரசனின் செங்கோலை நியாயப்படுத்துவதற்காகவே அவர்கள் அதைச் சொன்னார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆயினும் ஒன்று தெளிவு: மீனின் நியாயம் மனிதனின் நியாயமன்று என்பதில் அவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை. இழிநிலையின் பெயராக இருந்ததை இயற்கை நீதியின் பெயராக மாற்றிய பெருமை நவீன முதலாளித்துவத்துக்கே உரியது.

இப்போது சருகடியிலிருந்து சற்று நிமிர்ந்து ஊவா மலைகளைப் பார்ப்போம். இங்கே நடந்ததும் வேட்டைதானா?

1817-18ஆம் ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் எழுந்த கிளர்ச்சியை ஆங்கில ஆட்சி வயல்களையும் வீடுகளையும் எரித்து அடக்கியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைக்குச் சான்று காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமென்று கொண்டது. அந்நிலங்கள் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. காட்டை வெட்டுவதற்கும் கோப்பிக்காய் பறிப்பதற்கும் இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து பஞ்சத்தால் விரட்டப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாய் வந்தார்கள். வழியிலே மாண்டவர் பலர். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அது கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. பயிர் மாறியது, பெரட்டுக்களம் மாறவில்லை. கங்காணியின் கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் சுமந்து சென்ற 'துண்டு' முறை 1921 வரை நீடித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிக்க ஒத்திவைத்தது. நாளொன்றுக்கு 1,000 ரூபா என்ற கூலிக் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021இல்தான் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் விலைவாசி அதனைத் தாண்டி ஓடத் தொடங்கிவிட்டது.

இவற்றுள் எது இயற்கை? 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் எந்தச் சருகுக்கடியில் முளைத்தது? துண்டை எழுதிய பேனா எந்தப் பிராணியின் பற்றுறுப்பு? சருகடித் தேள் தன் இரையின் பிள்ளைகளைக் கடனாளிகளாக்குவதில்லை. துள்ளுபூச்சியை உயிரோடு வைத்து, அது திரட்டிய உணவில் முக்காற் பங்கைத் தினந்தோறும் நிறுத்து வாங்குவதில்லை. இரைக்குக் குடியுரிமை உண்டா இல்லையா என்று சட்டம் இயற்றுவதில்லை. வேட்டையென்பது ஒரு பசியின் செயல். வயிறு நிறைந்ததும் நிற்கும். சுரண்டலோ ஓர் அமைப்பு. அதற்குப் பத்திரமும் பதிவேடும் பொலிசும் பாராளுமன்றமும் வேண்டும். எழுதிச் செய்யப்பட்டது எதுவோ அதை அழித்து எழுதவும் முடியும். இதை மறைப்பதற்காகத்தான் இயற்கையின் பெயர் இழுக்கப்படுகிறது.

இவ்வளவு தூரம் வந்தபின் எதிர்த்திசையிலும் ஓர் இடறு கல் இருப்பதை நாம் மறந்துவிடலாகாது. "வயிறு நிறைந்ததும் நிற்கிறதே, அந்தப் பிராணி மனிதனைவிட மேல்! முட்டைகளைச் சுமந்துகொண்டு இருளில் அடைந்து கிடக்கிறதே, அதுவன்றோ தாய்மை! இயற்கையிடம் பாடம் படிப்போம்" என்று உருகும் நல்ல உள்ளங்கள் உண்டு. குரோபோட்கின் 1902இல் வெளியிட்ட தம் நூலில், உயிர்களிடையே போட்டி மட்டுமன்றி ஒத்துழைப்பும் உண்டு என்பதற்குச் சான்றுகளைக் குவித்தார். ஸ்பென்சரின் சீடர்களுக்கு அது தக்க பதிலாயிற்று. ஆயினும் இயற்கையிலிருந்து அறத்தைப் பறித்தெடுக்கும் முறையை நாம் ஒருமுறை ஏற்றுக்கொண்டால், எதிரியும் அதே மரத்தில் ஏறித் தனக்கு வேண்டிய கனியைப் பறிப்பான். நாம் எறும்பைக் காட்டினால் அவன் பருந்தைக் காட்டுவான். குறுவால் தேள் சேமிப்பதில்லை என்பதால் அது பொதுவுடைமைவாதி ஆகிவிடாது. துள்ளுபூச்சியைக் கொல்வதால் அது கொடுங்கோலனும் ஆகாது. தேர்ந்தெடுக்க முடியாத உயிர் குற்றவாளியும் அன்று, மகானும் அன்று. டார்வினின் தோழரான ஹக்ஸ்லியே 1893இல் ஆற்றிய சொற்பொழிவில், சமுதாயத்தின் அற முன்னேற்றம் இயற்கையின் போக்கைப் பின்பற்றுவதால் வருவதன்று, அதை எதிர்ப்பதால் வருவது என்று வாதிட்டார். எதிர்ப்பது என்ற சொல்லை நாம் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. மனிதனும் இயற்கையின் பிள்ளைதானே. ஆனால் அறத்தை ஆக்குவது மனிதன் என்பதில் அவர் கூற்று உறுதியானது.

இதே அளவுகோலை மேடைத் தமிழுக்கும் வைத்துப் பார்க்கலாம். சுரண்டுபவனைச் சிலந்தியாகவும் அட்டையாகவும் தேளாகவும் வரைவது உலகெங்கும் பாட்டாளி இயக்கத்தின் பழைய மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியச் சோஷலிஸ்டான வில்ஹெல்ம் லீப்னெக்ட், சிலந்தியையும் ஈயையும் வைத்து எழுதிய துண்டுப் பிரசுரம் பல மொழிகளில் பரவியது. எழுத்தறியாத தொழிலாளியின் உள்ளத்தில் கோபத்தை மூட்ட இவ்வுவமை உதவிற்று; அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதன் உள்ளே ஓர் ஆபத்து உறங்குகிறது. சிலந்தி சிலந்தியாகத்தான் இருக்கும். ஈ என்றைக்கும் ஈதான். முதலாளியைச் சிலந்தி என்று சொல்வது அவனுக்கு ஏச்சுப்போல் தோன்றினாலும், உண்மையில் அது அவனுக்கு வழங்கும் சலுகை. அவன் தேர்ந்தெடுத்துச் செய்த செயலை அவன் பிறவிக்குணமாக்கி, குற்றத்திலிருந்து அவனை விடுவித்துவிடுகிறோம். தொழிலாளியை ஈ என்று சொல்வதோ அவனுடைய கைகளைக் கட்டிவிடுகிறது.

ஈயால் முடியாததைத் தொழிலாளியால் செய்ய முடியும் என்பதற்குப் பதுளையே சாட்சி. 1940ஆம் ஆண்டு, பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். லங்கா சமசமாஜக் கட்சியினரின் துணையோடு அவர்கள் நடத்திய போராட்டத்தில், தாமே தேர்ந்தெடுத்த தொழிலாளர் சபையொன்றை அமைத்தனர்; அச்சபையைக் கலந்தே காரியங்களை நடத்தத் தோட்டத்துரை உடன்பட நேர்ந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கட்சித் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர்; அடக்குமுறை மலைநாடெங்கும் இறுகியது. வெற்றி நிலைக்கவில்லை என்பது வரலாறு. ஆனால் நிகழ்ந்தது என்பதும் வரலாறே. துள்ளுபூச்சி துள்ளுகிறது, அது ஒரு பூச்சி தன்னைக் காத்துக்கொள்ளும் துள்ளல். எந்தச் சருகுக்கடியிலும் துள்ளுபூச்சிகள் கூடிப் பேசி, நாளைக்கு வேறொரு ஏற்பாடு வேண்டும் என்று தீர்மானித்ததில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மனிதர்கள்கூட அவ்வாறு தீர்மானித்தார்கள். இந்த ஒரு வேற்றுமையில் மச்ச நியாயம் முழுவதும் உடைந்து விழுகிறது.

அப்படியானால் சருகடி உயிரிடமிருந்து நமக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லையா? சாட்சி சொல்லி முடித்ததும் அதைக் காலால் தள்ளிவிடலாமா? இங்கே நண்பர்கள் சிலர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "லயத்துக் காம்பராவில் ஒரு குடும்பம் முடங்கிக் கிடக்கிறது. நூறாண்டு பழைய கூரை ஒழுகுகிறது. இந்நிலையில் அரிசிமணியளவுப் பிராணிக்காகக் கவலைப்படுவது வயிறு நிறைந்தவர்களின் விளையாட்டல்லவா?"

நியாயமான கேள்வி. மனிதனை மிதித்துக்கொண்டு வண்ணத்துப்பூச்சிக்கு அழுபவர்களை நாமும் அறிவோம். ஆனால் இவ்விரு கவலைகளையும் ஒன்றுக்கொன்று போட்டியாக நிறுத்தியவர் யார் என்று முதலில் கேட்போம். காட்டை வெட்டியபோது துரைமாரின் கணக்கில் இரண்டே பத்திகள் இருந்தன: செலவு, வரவு. விலை இல்லாதது எதுவும் அக்கணக்கில் ஏறவில்லை. மக்கும் இலை ஏறவில்லை. இலையை உடைத்து மண்ணாக்கும் கோடானுகோடிச் சிற்றுயிர்கள் ஏறவில்லை. அவற்றின் தொகை மிகாமல் காக்கும் சிறு வேட்டைப் பிராணிகள் ஏறவில்லை. மன்னாரிலிருந்து நடந்து வந்து வழியில் விழுந்தவர்களும் ஏறவில்லை. சருகைக் காணாத கண்ணே மனிதனையும் காணவில்லை. அது ஒரே குருடு.

பேராதனைப் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ் போன்றோர் காடழிவை அன்றே கண்டனர். கியூ பூங்காவின் தலைவர் ஹூக்கரின் ஆலோசனையின்மேல், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிக்கலாகாதென்று 1873இல் ஆணை பிறந்தது. அதற்குக் கீழிருந்த சரிவுகள் தோட்டங்களாயின. புல் பூண்டு ஒன்றும் இல்லாமல் நிலத்தைச் சுரண்டித் துடைத்து வைப்பதே நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மழை அந்த வெறுமண்ணை ஆற்றுக்குக் கொண்டுபோயிற்று. மண் காப்புக்கென்று ஒரு சட்டம் வர 1951 ஆயிற்று. காடாயிருந்த நாளில் இந்த மண்ணை ஆக்கியது எந்தக் கம்பனியும் அன்று. சருகும் சருகடி உயிர்களுமே ஆக்கின.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே ஆபத்து உண்டென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது; போவதற்கு நிலம் இருக்கவில்லை. மண்ணைப் பற்றிய அறிவும் மனிதனுடைய நில உரிமையும் வெவ்வேறு பிரச்சினைகள் என்று இனியும் யார் சொல்ல முடியும்? "இயற்கையின் சீற்றம்" என்று அன்றும் சொன்னார்கள். மழை இயற்கைதான். எச்சரிக்கப்பட்ட சரிவில் மனிதரை விட்டுவைத்தது இயற்கையன்று.

நாம் பயனை மட்டும் பேசினால் முதலாளியின் கணக்குக்கே மூன்றாவது பத்தியொன்றைச் சேர்த்தவர்களாவோம். எனவே இன்னொன்றையும் சொல்லவேண்டும். குறுவால் தேளால் நமக்குப் பயன் ஒன்றுமே இல்லையென்று நாளை நிரூபணமானாலும், காரணமின்றி அதை அழிக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. அது தன் வாழ்வைத் தான் வாழ்கிறது, நமக்காகப் பிறந்ததன்று. அது நம்மிடம் எதையும் கோருவதில்லை, கோரவும் அறியாது. ஆனால் அது அங்கே இருப்பதை அறியக்கூடிய உயிர் நாம் ஒருவரே. அறியக்கூடியவனுக்குப் பொறுப்பு உண்டு. வலிமையினால் உரிமை பிறப்பதில்லை, அறிவினால் கடமை பிறக்கிறது என்ற இந்தக் கோட்பாட்டைச் சருகடி உயிருக்கு மறுத்துவிட்டு, லயத்து மனிதனுக்கு மட்டும் கேட்டுப் பெற முயன்றால் நம் வாதம் பாதிதான் நிற்கும்.

மலைநாட்டுப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் இதை எளிதில் செய்து பார்க்கலாம். நமுனுகுல மலையை அண்டிய காட்டோரத்திலோ, அப்புத்தளையை அடுத்த தங்கமலைக் காட்டோரத்திலோ மாணவர்களை அழைத்துச்சென்று, ஒரு பிடிச் சருகை மெல்லப் புரட்டிக் காட்டட்டும். அதற்குள் நடக்கும் வேட்டையையும் மக்குதலையும் மண் பிறத்தலையும் ஒளிக்காமல் விளக்கட்டும். பிறகு சருகை இருந்த இடத்திலேயே இட்டு மூடட்டும். வகுப்புக்குத் திரும்பியதும், அம்மாணவர்களின் தாய்மார் பெயருக்கு எதிரே 'அரை' என்று எழுதும் அந்தப் பதிவேட்டைப் பற்றிக் கேட்கட்டும்: இதை எழுதியவர் யார்? எந்தச் சட்டத்தின் பேரில் எழுதினார்? அச்சட்டத்தை மாற்றுவது எப்படி? பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்று பதில் சொல்லும் பிள்ளையிடம், மீனுக்குப் பதிவேடு உண்டா என்று ஆசிரியர் திருப்பிக் கேட்கலாம். பாடம் அங்கே தொடங்கும்.